தொடக்க இருப்பு தெரியுமா?

எங்க ஊரில் மருந்தடிச்சுட்டு வந்த தம்பி ஒருத்தர், வெயில் மயக்கம்னு திண்ணையில் படுத்துட்டார். வெயிலா, நஞ்சா? ரத்தத்தைக் கேட்டால் சொல்லும்.

1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடப்போய்த்தான் டாபுன் என்ற நரம்பு நஞ்சு கிடைத்தது. அதன் தம்பி சாரின். 1995 மார்ச் 20-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பினார்களே, அதேதான்.

சாரின் ரத்தத்தில் சீக்கிரமே சிதைஞ்சிடும். ஆனால் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடித்துக்கொண்ட பங்கு வாரக்கணக்கில் நிற்கும். நொதியின் அளவு விழுந்திருந்தால், இந்தக் குடும்பத்து நஞ்சு ஏறியிருக்கலாம் என்று அர்த்தம். ஒட்டியதை ஃபுளோரைடு சேர்த்துப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்தால் எந்த நஞ்சு என்றே தெரியும். சிறுநீரிலும் சில நாள் அதன் சிதைவுப்பொருள் வரும்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் அதே ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பம். வீரியம் குறைவு, வேலை ஒண்ணுதான்.

கண்மணி சுருங்கி, எச்சில் ஒழுகி, மூச்சு திணறினால் உடனே ஆஸ்பத்திரி. மருந்து டப்பாவையும் கொண்டுபோங்க. சிகிச்சை முதலில், பரிசோதனை முடிவு பிறகு.

நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வங்கியில் தொடக்க இருப்பு தெரியாமல் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியுமா? ஆகவே தெளிப்பு வேலைக்குப் போகிறவர்கள் பருவத்துக்கு முன்பே ஒருமுறை கோலினெஸ்டரேஸ் பார்த்து, சீட்டைப் பத்திரமாக வைக்கணும்.

நம்ம நிலத்தில் தெளிப்பதை நிறுத்திட்டோம். பக்கத்து வயலில் தெளிக்கப் போகிறவரும் நம்ம ஆள்தானே? அவரிடம் இதைச் சொல்லுங்க.