துப்பாக்கி கைமாறினால் பேப்பர் யாரிடம்?

அமெரிக்காவில் பழைய பைக்கை விற்பதுபோல, பழைய துப்பாக்கியையும் தெரிந்தவருக்கு விற்கலாம். இருவரும் ஒரே மாநிலத்துக்காரர்கள் என்றால், நாடு முழுமைக்குமான சட்டம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் கொலராடோ போன்ற சில மாநிலங்களில், லைசென்ஸ் உள்ள கடைக்காரர் மூலமாகத்தான் விற்க முடியும்.

தகராறு அங்கேதான் தொடங்குகிறது. வாங்குபவர் '4473' என்ற படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி எழுத வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும் கடையின் பதிவேட்டில் ஏறும். "என் பொருளை நான் விற்க, என் முகவரி எதற்கு?" என்பது பலரின் கோபம்.

அந்தப் பயம் புரியாததல்ல. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை மத்திய அரசு தொகுக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே வந்தது. அதனால் படிவம் அரசிடம் போகாமல் கடையிலேயே இருக்கிறது. முன்பு 20 ஆண்டு கழித்து அதை அழித்துவிடலாம். கடை நடக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் விதி மாறியதும் சர்ச்சை சூடானது. மூடிய கடைகளின் பேப்பர்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் அலுவலகத்துக்குப் போகின்றன. ஸ்கேன் செய்தாலும், அங்கே பெயரைப் போட்டுத் தேட முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி சிக்கினால், போலீஸ் முதலில் தேடிப்போவது அதைக் கடையில் முதன்முதலாக வாங்கியவரை. 'விற்றுவிட்டேன்' என்று அவர் வாயால் சொன்னால் போதுமா? அப்போது அவருக்குச் சாட்சி, அன்று கசந்த அந்தப் பேப்பர்தான்!