ஒற்றை மேற்கோள் குறியும் ஒரு சிறு நிரல்தொகுப்பும்

கல்லூரி நூலகமொன்றின் விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றியுள்ளனர் எனக் கொள்வோம். நூல்கள் ஓர் அட்டவணையில்; மாணவர்கள் மற்றோர் அட்டவணையில்; யார் எந்நூலை இரவல் பெற்றார் என்பது மூன்றாவதில். சேர்க்கை எண்ணும் நூல் எண்ணுமே இவற்றைப் பிணைக்கின்றன. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் முன்மொழிந்த உறவுநிலைத் தரவுத்தளத்தின் சாரம் இதுவே. இத்தளத்தை வினவும் மொழி எஸ்.கியூ.எல். என்ன வேண்டும் என்று கூறினால் போதும்; எவ்வழியே தேடுவது என்பதைத் தளமே முடிவு செய்துகொள்ளும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. நிரல் எழுதப் பழகும் மாணவர் பலர், வினாத்தொடரையும் பயனர் தட்டச்சிட்ட பெயரையும் ஒட்டி ஒரே சரமாக்கி அனுப்பிவிடுகின்றனர். பெயர் கரீம் எனில் தொல்லையில்லை. மஸ்ஊத் என்னும் பெயரையோ ஆங்கில எழுத்தில் எழுதுவோர் இடையே ஒற்றை மேற்கோள் குறி இடுவதுண்டு. அரபியின் ‘ஐன்’ எழுத்துக்கு அஃதோர் அடையாளம். எஸ்.கியூ.எல்.லில் அக்குறி, மதிப்பு முடிந்தது என்பதைக் காட்டுவது. ஆகவே பெயர் பாதியில் அறுபட, எஞ்சிய எழுத்துகளைத் தளம் கட்டளையாகப் படிக்க முற்பட்டுப் பிழை காட்டும். குர்ஆன் விரிவுரைகளைத் தேடுவோர்க்கும் இதே நிலைதான். இதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. தீய எண்ணமுடையோர் அதே துளை வழியே தம் கட்டளையை நுழைத்து, மாணவர் விவரங்களைக் கவரவோ அழிக்கவோ கூடும். 1998ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எழுதப்பட்ட இக்குறை இன்னும் ஒழிந்தபாடில்லை.

கட்டளை வேறு, மதிப்பு வேறு எனப் பிரித்து அனுப்புவதே தீர்வு. அதனை எளிதாக்கும் சிறு நிரல்தொகுப்புகளுள் ஒன்று டேப்பர். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைத் தளத்திற்காக, சாம் சாஃப்ரன், மார்க் கிராவெல் ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் சூழலில் இதனை உருவாக்கினர். அதற்குமுன் அவர்கள் கையாண்ட கருவி வினாவைத் தானே இயற்றித் தந்தது. வருகையாளர் மிகுந்த தளத்தில் அவ்வுதவியே சுமையாயிற்று.

டேப்பர் வினாவை இயற்றுவதில்லை. நாம் எழுதியதையே அனுப்புகிறது. ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் இடக்குறியை மட்டும் எழுதி, பெயரைத் தனியே தருகிறோம். அதில் எத்தனை மேற்கோள் குறிகள் இருப்பினும் தளம் அதனைப் பெயராகவே கொள்ளும், கட்டளையாகக் கொள்ளாது. விடையாக வரும் ஒவ்வொரு வரிசையையும், நெடுக்கைகளின் பெயரை ஒப்புநோக்கி, நம் நிரலிலுள்ள ‘நூல்’ என்னும் பொருளாக டேப்பர் வார்த்துத் தருகிறது. அவ்வார்ப்பை முதன்முறை ஆக்கி நினைவில் இருத்திக்கொள்வதால், அடுத்தடுத்த முறைகளில் விரைவு கூடுகிறது. பத்துச் சேர்க்கை எண்களை ஒருசேரத் தந்து, அவர்கள் இரவல் பெற்றவை யாவை எனவும் கேட்கலாம். ஓர் இடக்குறியைப் பத்தாக விரிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எஸ்.கியூ.எல். கற்கும் தொல்லை தீரும் என்றெண்ணி இதனை நாடுவோர் ஏமாறுவர். அது நன்மைக்கே என்பது என் கருத்து. பழைய பழக்கத்தில் ஒட்டிய சரத்தைக் கொடுத்தாலும் டேப்பர் தயங்காது அனுப்பிவிடும் என்பதை மறத்தலாகாது. மேலும், நெடுக்கையின் பெயரை இடக்குறியாகத் தர இயலாது. நூல்களை ஆண்டுவாரியாகவோ தலைப்புவாரியாகவோ அடுக்கும் உரிமையைப் பயனருக்கு அளிப்பதாயின், ஏற்கத்தக்க பெயர்களின் பட்டியலை நிரலிலேயே வைத்து, அவர் கேட்டது அதில் உள்ளதா என ஒப்பிட்ட பின்னரே வினாவில் சேர்க்கவேண்டும்.