பல்லவிக்குக் கூட்டம் வேண்டும்

கடலோரப் பாட்டுகள் – 14

காரைக்காலில் ஒருவரிடம் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு எது என்று கேட்டால், பதிலிலேயே அவர் வயது தெரிந்துவிடும். எழுபதைத் தாண்டியவர் ‘அதெஸ்தே ஃபிதேலெஸ்’ என்பார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது நடுச்சாமப் பூசை இலத்தீனில்தான் நடந்தது. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்த பிறகே கொயரில் தமிழ் நிறைந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் ‘மினுயி கிரெத்தியென்’ என்று எடுப்பார். உச்சஸ்தாயி வரும் இடத்தில் சிரித்துக்கொண்டே நிறுத்திக்கொள்வார். இளசுகளுக்குக் கீபோர்டும் சினிமாத் தாளமும் கலந்த தமிழ்ப் பாட்டு; குடில் ஜோடிக்கும்போதே ஸ்பீக்கரில் ஓடத் தொடங்கிவிடும்.

‘மினுயி’ பாட்டை எழுதியவர் பிளாசித் கப்போ. தென் பிரான்சில் ரோக்மோர் என்ற சிற்றூரின் ஒயின் வியாபாரி. மெட்டுப் போட்டவர் ‘ஜிசெல்’ பாலே நாட்டியத்துக்கு இசையமைத்த அடோல்ஃப் ஆதம். ஆண்டு 1847. திருச்சபைத் தரப்பில் சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் சனங்கள் பாட்டை விடவில்லை. கம்பீரமான பாட்டுதான். இருந்தாலும் அது ஒற்றைக் குரலுக்கான பாட்டு. தேர்ந்த பாடகர் ஒருவர் எழுந்து நின்று பாட, மற்றவர்கள் வாய் பொத்திக் கேட்க வேண்டும். எனக்கு அங்கேதான் குறை.

காரைக்காலிலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இறங்கிய டேனிஷ் துறை. அவரும் பின்னால் வந்த பப்ரிசியஸ் முதலானோரும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். மெட்டு ஜெர்மனியுடையது, சொல் தமிழ். அதனால் குறிலை நெடிலாக இழுத்தும், நெடிலை நறுக்கியும்தான் பாட வேண்டியிருக்கும். லுத்தரன் கோவில்காரர்களுக்கு அந்த இழுவையே பிறந்த வீட்டு வாசனை. அதைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் வேறு வழி போனார். 1774இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, சரபோஜி மன்னரின் தோழர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் அவர்தான். ராகமும் தாளமும் பல்லவியும் சரணமும் நம்முடையவை. கீர்த்தனையில் சரணம் தெரியாதவனுக்கும் வேலை உண்டு. பல்லவி திரும்பும்போது கை தட்டிக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம். கேரல் ரவுண்ட்ஸில் வாசல் வாசலாகப் போகிறவர்கள் கீர்த்தனையை விடாததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? (தமிழில் பதிகம் பாடும் வழக்கத்துக்கே முன்னோடி என்று சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. பக்தி என்றால் இங்கே முதலில் பாட்டுதான்.)

‘மினுயி’யிடம் திரும்புவோம். அதன் மூன்றாம் சரணம், அடிமையாக இருந்தவனைச் சகோதரனாகப் பார்க்கச் சொல்கிறது. பாட்டு பிறந்த மறு வருடம், 1848 ஏப்ரல் 27 அன்று, பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம் வந்தது. சகோதரத்துவத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒப்பந்தக் கூலிகளைத் தேடிப் புறப்பட்டார்கள். 1739இல் பிரான்ஸின் கைக்கு வந்த காரைக்கால், பாண்டிச்சேரியைப் போலவே, ஆள் ஏற்றும் துறையாயிற்று. சுற்றிலும் பிரிட்டிஷ் ஜில்லா. டெல்டாவில் பிழைப்பு அற்றவர்கள் எல்லை தாண்டி வந்து கப்பல் ஏறினார்கள்.

இப்படி கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்கு இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ‘ஓரெலி’ அங்குள்ள புவாந்த்-அ-பித்ர் துறையை அடைந்த நாள், 1854 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்! அதன் பிறகு அந்தத் தீவுக்குப் போனவர்கள் சுமார் 42,000 பேர்.

அங்கே டிசம்பர் முழுக்க ‘ஷாந்தே ந்வெல்’ நடக்கும். ஒரு வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கம் கூடும். பாட்டுப் புத்தகம் கை மாறும். மிஷனரிகள் கொண்டுவந்த பழைய பிரெஞ்சுப் பாட்டுகள்தான், ஆனால் தாளம் கறுப்பினத்தாருடையது, மேளத்தோடு துள்ளும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிரியோல் மொழியில் ஒரு பல்லவியைச் சேர்த்து, மூச்சு வாங்கும் வரை சுற்றிச் சுற்றிப் பாடுவார்கள். ராத்திரி கிடை காக்கும் மிஷோ என்ற இடையனின் பாட்டுக்குத்தான் கிராக்கி அதிகம். டெல்டாக்காரனுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்களும் அந்த முற்றத்தில் உண்டு. அவர்களில் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மாரியம்மனுக்குக் கிடா வெட்டிப் பூசை போடுவதையும் சிலர் விடவில்லை. அந்தப் பூசையில் அர்த்தம் மறந்தும் ஓசை மறக்காமல் பாடப்படும் தமிழ்ப் பாட்டுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.