முதற்காதல் படங்களும் நமது பிள்ளைகளும்

கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகர் என எங்கிருந்தாலும் பள்ளிப் பருவக் காதலையும் தோல்வியையும் சிரிப்போடு சொல்லும் படங்கள் இன்று பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றன. அவற்றை எப்படி விளங்கிக்கொள்வது?

2015இல் வெளிவந்த 'பிரேமம்' மலையாளப் படத்தின் நாயகன் பதின்ம வயதில் ஒருத்தியை விரும்பித் தோற்கிறான். கல்லூரியில் இன்னொருத்தியை இழக்கிறான். கடைசியில் மூன்றாமவளை மணக்கிறான். முதல் தோல்வியோடு வாழ்க்கை முடிவதில்லை என்பது நல்ல பாடம். ஆனால் ஒரு மாணவியைப் பையன்கள் கூட்டமாகப் பின்தொடர்வது அங்கே நகைச்சுவை. டியூஷன் விட்டு வரும் நமது பெண்பிள்ளைக்கு அது பயம். இந்த வேறுபாட்டை ஆண்பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

2002இல் வந்த 'துள்ளுவதோ இளமை' வேறொன்றைக் காட்டியது: வீட்டில் கவனிக்கப்படாத மாணவர்கள் வீட்டைவிட்டே ஓடுகிறார்கள்.

படத்தில் ஒரு பாட்டுக்குள் வருடங்கள் ஓடிவிடும், மனக்காயமும் ஆறிவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ அந்த வேதனையை ஒவ்வொரு நாளாகக் கடக்க வேண்டும். அப்போது உம்மாவும் வாப்பாவும் ஏசினால் அது வாய்மூடிவிடும். முதலில் கேளுங்கள், புத்திமதியைப் பிறகு சொல்லலாம்.