சாம்பியன்ஸ் லீக்கின் வாசல்கள்

2025 மே மாதம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முடிந்தபோது டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் 17-ஆம் இடத்தில் இருந்தது. 38 ஆட்டங்களில் 22 தோல்வி. இருபது அணிகளில் கடைசி மூன்றும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் என்பதால், தப்பிப் பிழைத்தவர்களில் கடைசி ஆள் டோட்டன்ஹாம்தான். ஆஸ்டன் வில்லா 66 புள்ளிகளோடு ஆறாம் இடம் பிடித்தது. ஆனால் அடுத்த சீசனில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கியது டோட்டன்ஹாம். வில்லாவுக்கு ஒரு படி கீழே இருக்கும் யூரோப்பா லீக்தான் கிடைத்தது.

முதன்முறை கேட்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். கணக்கு புரிந்தால் தோன்றாது. சாம்பியன்ஸ் லீக்குக்குள் போக ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. வில்லா நின்ற வாசல் வேறு, டோட்டன்ஹாம் நுழைந்த வாசல் வேறு.

ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஈஎஃப்ஏ அமைப்பில் 55 நாட்டுச் சங்கங்கள் உறுப்பினர்கள். கிளப்புகளுக்காக அது மூன்று போட்டிகளை நடத்துகிறது: உச்சியில் சாம்பியன்ஸ் லீக், அடுத்து யூரோப்பா லீக், மூன்றாவது கான்ஃபரன்ஸ் லீக். எதிலும் எந்தக் கிளப்புக்கும் நிரந்தர இடம் கிடையாது. சொந்த நாட்டு லீக்கிலோ கோப்பைப் போட்டியிலோ நன்றாக ஆடி, அல்லது ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றுதான் ஒவ்வொரு ஆண்டும் அடுத்த சீசனுக்கான இடத்தைச் சம்பாதிக்க வேண்டும். பதினைந்து முறை கோப்பையை வென்ற ரியல் மாட்ரிட்டுக்கும் இதுதான் விதி. (லிக்டன்ஸ்டைனின் கிளப்புகளுக்கு மட்டும் லீக் வழி இல்லை. சொந்த லீக் இல்லாததால் அவை சுவிட்சர்லாந்து லீக்குகளில் ஆடுகின்றன. அந்நாட்டுக் கோப்பையை வெல்லும் கிளப்புக்கு மட்டும் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இடம் உண்டு. அப்படிப் போன வாடுஸ் கிளப், சுவிஸ் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே 2022-23-இல் குழுச் சுற்றுவரை முன்னேறியது.)

எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதைத் தரப்புள்ளிகள் முடிவு செய்கின்றன. ஒரு நாட்டின் கிளப்புகள் மூன்று ஐரோப்பியப் போட்டிகளிலும் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் 2 புள்ளி, டிராவுக்கு 1. தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கு இதில் பாதி. மேல் சுற்றுகளுக்குப் போனால் கூடுதல் புள்ளிகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி, அந்த நாட்டிலிருந்து போன கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நான்கு கிளப்புகள் சேர்ந்து 12 வெற்றி, 4 டிரா கண்டால் 28 புள்ளி. நான்கால் வகுத்தால் 7. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் போலத்தான் இது: ஒரு கிளப் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினால் மொத்த நாட்டின் சராசரியும் இறங்கும். இப்படி ஐந்து சீசன்களின் சராசரிகளைக் கூட்டினால் நாடுகளின் தரவரிசை கிடைக்கும். அது உடனே நடைமுறைக்கு வருவதில்லை. 2024-25 சீசனுக்கான இடங்களைத் தீர்மானித்தது 2023-இல் முடிந்த ஐந்தாண்டுக் கணக்கு.

2024-இலிருந்து சாம்பியன்ஸ் லீக்கின் பிரதானச் சுற்றில் 36 கிளப்புகள் ஆடுகின்றன. தரவரிசையில் முதல் நான்கு நாடுகளுக்குத் தலா நான்கு நேரடி இடங்கள். ஐந்தாம் நாட்டுக்கு மூன்று, ஆறாம் நாட்டுக்கு இரண்டு. ஏழு முதல் பத்து வரையுள்ள நாடுகளின் சாம்பியன்களுக்கு ஒவ்வொன்று. ஆக 25. முந்தைய ஆண்டின் சாம்பியன்ஸ் லீக் வெற்றியாளருக்கு ஒன்று, யூரோப்பா லீக் வெற்றியாளருக்கு ஒன்று என்று சேர்த்தால் 27. இன்னும் இரண்டு, அந்த ஒரு சீசனில் மட்டும் மிக நன்றாக ஆடிய இரு நாடுகளுக்குப் போனஸாகக் கிடைப்பவை. மீதி ஏழு இடங்களுக்குக் கோடைக்காலத் தகுதிச் சுற்றுகளில் போட்டி.

போனஸ் இடங்கள் ரசிகர்களின் மனக்கணக்கையே மாற்றிவிட்டன. 2023-24-இல் அந்த இரண்டும் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போயின. ஜெர்மனியில் ஐந்தாம் இடம் பிடித்த டோர்ட்மண்ட் அதனால் உள்ளே வந்தது. அந்த இடத்தைச் சம்பாதிப்பதில் அதற்கும் பங்கு உண்டு, ஏனென்றால் அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை போன அணி அது. இத்தாலியில் ஐந்தாம் இடம் பிடித்த போலோனியாவின் கதை வேறு. அந்த சீசனில் அது ஐரோப்பாவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அட்டலாண்டா யூரோப்பா லீக்கை வென்றது, பக்கத்து ஊர்ப் பகையான ஃபியோரென்டினா கான்ஃபரன்ஸ் லீக் இறுதிவரை போனது. இப்படி மற்றவர்கள் சேர்த்த புள்ளிகள்தான் போலோனியாவுக்கு வாசலைத் திறந்தன. அதற்கு முன் அந்தக் கிளப் இந்தக் கோப்பையில் ஆடியது 1964-இல். பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டோடு மூன்று ஆட்டங்கள் ஆடியும் முடிவு கிடைக்காமல், நாணயம் சுண்டிப் போட்டதில் வெளியேறியது. அறுபது ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்ததற்கு, வழக்கமாகத் தோற்க வேண்டும் என்று அதன் ரசிகர்கள் வேண்டிக்கொள்ளும் அணிகளே உதவியிருக்கின்றன.

நடப்பு வெற்றியாளருக்கு இடம் தரும் விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 2005-இல் இஸ்தான்புல் நகரில் ஏ.சி. மிலானுக்கு எதிராக 0-3 என்று பின்தங்கி, சமன் செய்து, பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கிய லிவர்பூல், உள்நாட்டு லீக்கில் ஐந்தாம் இடத்தில் இருந்தது. நான்காம் இடம் அதே ஊரைச் சேர்ந்த எவர்ட்டனுக்கு. இங்கிலாந்துக்கு நான்கு இடங்கள்தான். ஐரோப்பாவின் சாம்பியன் தன் பட்டத்தைக் காக்க வர முடியாது என்ற நிலை. கடைசியில் யூஈஎஃப்ஏ சிறப்பு அனுமதி தந்தது. ஆனால் முதல் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. கோப்பையை வென்று இரண்டு மாதம்கூட ஆகாத ஜூலையில், வேல்ஸ் நாட்டின் சிறிய கிளப்பான டோட்டல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸைத் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் எதிர்கொண்டு 3-0 என்று வென்றது லிவர்பூல். மூன்று கோல்களும் அணித்தலைவர் ஜெரார்டுடையவை.

அதன் பிறகு வெற்றியாளருக்கு இடம் உறுதியானது. ஆனால் ஒரு நாட்டுக்கு நான்குக்கு மேல் கிடையாது என்ற வரம்பு நீங்கவில்லை. 2012-இல் செல்சி ஆறாம் இடத்தில் இருந்தபடி மியூனிக்கில் பயர்ன் அணியை வென்று கோப்பையை எடுத்தபோது, நான்காம் இடம் பிடித்திருந்த அணியின் இடம் பறிபோனது. அந்த அணி டோட்டன்ஹாம். எங்கோ நடந்த ஓர் இறுதியாட்டத்தின் பெனால்டி, 38 ஆட்டங்களின் உழைப்பை அழித்தது. இன்றைய ஏற்பாட்டில் வெற்றியாளரின் இடம் தனிக் கணக்கு. அது யாருடைய இடத்தையும் எடுப்பதில்லை. எனவேதான் 2025-இல் இங்கிலாந்திலிருந்து ஆறு கிளப்புகள் போயின: லீக்கின் முதல் நான்கு, போனஸ் இடத்தில் ஐந்தாவதான நியூகாசில், யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்ற டோட்டன்ஹாம். ஒரே நாட்டிலிருந்து ஆறு கிளப்புகள் போனது அதுவே முதல்முறை. லீக்கில் தடுமாறினாலும் ஐரோப்பாவில் ஒரு கோப்பையை வென்ற அணிக்கு மேலே ஏறும் உரிமை உண்டு என்பதே என் கருத்தும்.

வெற்றியாளர் தன் நாட்டு லீக் வழியாகவே தகுதி பெற்றிருந்தால்? அந்த இடம் வீணாவதில்லை. 2025-இல் கோப்பையை வென்ற பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் பிரான்ஸ் சாம்பியனாகவே உள்ளே இருந்தது. எனவே தகுதிச் சுற்று ஆட வேண்டிய சாம்பியன்களில் அதிகத் தரப்புள்ளி வைத்திருந்த கிரேக்கக் கிளப் ஒலிம்பியாகோஸ் நேரடியாக நுழைந்தது.

இனி அந்த ஏழு இடங்கள். எனக்கு இந்தப் போட்டியிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவற்றில் இரண்டு, பெரிய லீக்குகளில் பட்டம் வெல்லாமல் அடுத்தடுத்த இடங்களைப் பிடித்தவர்களுக்கு. ஐந்து, நேரடி இடம் கிடைக்காத நாடுகளின் சாம்பியன்களுக்கு. இந்த இரு வரிசைகளும் கலப்பதில்லை. சிறிய நாட்டுச் சாம்பியன், பிரான்சின் நான்காம் அணியைத் தகுதிச் சுற்றில் சந்திக்க வேண்டியதில்லை. ஜூலையில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளின் வீரர்கள் விடுமுறையில் இருக்கும்போதே, சிறிய நாடுகளின் சாம்பியன்கள் முதல் சுற்றைத் தொடங்கிவிடுகிறார்கள். மொத்தம் நான்கு சுற்றுகள். ஒவ்வொன்றிலும் சொந்த ஊரில் ஒன்று, எதிரியின் ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள்.

2025-இல் கஜகஸ்தானின் கைரத் அல்மாட்டி இந்த நான்கையும் கடந்தது. சீன எல்லைக்கு அருகிலுள்ள அல்மாட்டியிலிருந்து ஐரோப்பாவின் மேற்கு முனையிலுள்ள லிஸ்பனுக்கு ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். கஜகஸ்தான் யூஈஎஃப்ஏவில் சேர்ந்ததே 2002-இல். அங்கு லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவதால், 2024-இல் வென்ற பட்டத்துக்கு 2025 கோடையில்தான் பலன். முதலில் ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா. பிறகு ஃபின்லாந்தின் குப்ஸ்: அங்கே 0-2 என்று தோற்று, சொந்த மண்ணில் 3-0 என்று திருப்பினார்கள். மூன்றாவது ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா, பெனால்டியில் முடிந்தது. நான்காவது 1967-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற ஸ்காட்லாந்தின் செல்டிக். இரண்டு ஆட்டங்களிலும், கூடுதல் நேரத்திலும் ஒரு கோல்கூட இல்லை. பெனால்டிகளில் 21 வயது கோல்கீப்பர் தெமிர்லான் அனர்பெகோவ் மூன்றைத் தடுத்தார். சில வாரங்கள் கழித்து ரியல் மாட்ரிட் அல்மாட்டிக்கு விமானம் ஏறியது. ஆட்டம் 5-0 என்று மாட்ரிட்டுக்குப் போனது என்பது உண்மைதான். அந்த ஊரில் அந்த ஆட்டம் நடந்ததே பெரிய சாதனை.

சில நேரம் முடிவும் மாறும். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதியின் ஷெரிஃப் டிராஸ்போல் 2021-இல் இதே நான்கு சுற்றுகளைக் கடந்து வந்து, மாட்ரிட்டின் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. 89-ஆம் நிமிடத்தில் வெற்றி கோல் அடித்த செபாஸ்டியன் தில் லக்சம்பர்க் நாட்டுக்காரர்.

இந்த வாசல் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1955-இல் பிரெஞ்சு விளையாட்டு நாளேடான லெகிப் முன்னின்று இந்தப் போட்டியைத் தொடங்கியபோது, 16 கிளப்புகள் அழைப்பின் பேரில் வந்தன. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹைபர்னியன் உள்நாட்டில் ஐந்தாம் இடம் பிடித்த அணி. இங்கிலாந்து சாம்பியன் செல்சியை அந்நாட்டு லீக் நிர்வாகம் போகவிடாமல் தடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு நாட்டுக்கு ஒரு சாம்பியன் என்ற ஒழுங்கு வந்து, நெடுங்காலம் நிலைத்தது. 1994 முதல் மூன்று சீசன்களுக்குச் சிறிய நாடுகளின் சாம்பியன்களைப் போட்டிக்குள்ளேயே விடாமல் இரண்டாம் நிலைக் கோப்பைக்கு அனுப்பினார்கள். 1997-இல் அவர்களைத் திரும்பச் சேர்த்தபோது, பெரிய நாடுகளின் இரண்டாம் அணிகளுக்கும் கதவு திறந்தது. 1999-இல் அது நான்காம் அணிவரை போனது. 2021 ஏப்ரலில் 12 பணக்காரக் கிளப்புகள் இன்னும் மேலே போய், நிறுவனர்களுக்கு நிரந்தர இடம் தரும் சூப்பர் லீக்கை அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள்; ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் இரண்டே நாளில் விலகின. இன்றைய 36 அணி அமைப்பின் முதல் வரைவிலும், தகுதி பெறத் தவறிய பெரிய கிளப்புகளுக்குப் பழைய சாதனைகளை வைத்து இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எதிர்ப்புக்குப் பிறகு 2022 மே மாதம் அதைக் கைவிட்டு, அந்த இரண்டையும் போனஸ் இடங்களாக்கினார்கள்.

களத்தில் வென்றாலும் காகிதத்தில் தோற்பதும் உண்டு. பிரெஸ்ட் 2024-இல் பிரான்சில் மூன்றாம் இடம் பிடித்து முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வந்தபோது, அதன் மைதானம் விதிகளுக்கு உட்படவில்லை; சொந்த ஆட்டங்களைக் கேங்கம்ப் நகரில் ஆடியது. இங்கிலாந்துக் கிளப் கிரிஸ்டல் பேலஸ் 2025-இல் மான்செஸ்டர் சிட்டியை வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. அதன் வரலாற்றில் முதல் பெரிய பட்டம். கூடவே யூரோப்பா லீக்கில் இடம். ஆனால் அதன் பங்குதாரர்களில் ஒருவரான ஜான் டெக்ஸ்டர், அதே போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த பிரான்சின் லியோன் கிளப்பையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். ஒரே கையில் உள்ள இரு கிளப்புகள் ஒரே போட்டியில் ஆடக்கூடாது. உரிமையைச் சரிசெய்ய வேண்டிய கெடு மார்ச் 1 அன்றே முடிந்துவிட்டதால், பிறகு அவர் பங்குகளை விற்றும் பயனில்லை. உள்நாட்டு லீக்கில் லியோன் ஆறாவது, பேலஸ் பன்னிரண்டாவது. எனவே லியோன் தங்கியது, பேலஸ் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. விதி தேவையானது, ஆனால் அதன் விலையைக் கோப்பை வென்ற வீரர்களும் ரசிகர்களும் கொடுத்தது வருத்தம்.

2025-இல் சாம்பியன்களின் தகுதிச் சுற்றுகள் வழியாக வந்த ஐந்து கிளப்புகள் கைரத், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் நார்வேயின் போடோ கிளிம்ட், சைப்ரஸின் பாஃபோஸ், அஜர்பைஜானின் கராபாக், டென்மார்க்கின் கோபன்ஹேகன். 36-இல் ஐந்து என்பது குறைவு. முதல் நான்கு நாடுகள் மட்டும் 16 இடங்களை எடுத்துக்கொள்ளும் போட்டியில் இதை இன்னும் குறைக்க எந்த நியாயமும் இல்லை, கூட்டத்தான் வேண்டும். சாம்பியன்ஸ் லீக்கைச் செப்டம்பரில் பார்க்கத் தொடங்கும் வழக்கமுள்ளவர்கள், அடுத்த முறை ஜூலையில் முதல் தகுதிச் சுற்றின் முடிவுகளையும் கவனித்துப் பாருங்கள்.