மணிகளால் ஒரு முகம்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் நெடுநாள் தங்கும் பிள்ளைகள், சிறு நெகிழி மணிகளைக் கொண்டு இமோஜி முகங்கள் செய்துகொண்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இவை ஃப்யூஸ் பீட்ஸ் எனப்படும். இவற்றால் பயன் உண்டா, வீட்டிலும் செய்யலாமா என்று பெற்றோர் வினவுவதால் இக்குறிப்பை எழுதுகிறோம்.

ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு குழல். முளைகள் வரிசையாக நிற்கும் பலகையில் மணிகளைச் செருகி, மேலே பட்டர் பேப்பரை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்த்தால் அவை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இமோஜி இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. 1999-இல் ஜப்பானில் ஷிகெடாகா குரிட்டா கைப்பேசிக்காக உருவாக்கிய 176 குறிகளும் 12-க்கு 12 கட்டங்களுக்குள் அடங்கியவை. ஆகவே 144 மணிகளுக்குள் ஒரு குறியை அமைத்துவிடலாம்.

விரல் நுனிகளுக்கு இது நல்ல பயிற்சியே. ஆயினும் நாங்கள் பெரிதாகக் கருதுவது, செய்யும்போது பிள்ளை பேசும் பேச்சை. ஊசிக்கு அஞ்சி 'வலிக்கவில்லை' என்று சொல்லும் பிள்ளை, அழும் முகத்தைத் தேர்ந்துகொண்டு காரணத்தையும் தானே சொல்வதுண்டு. அப்போது 'சிரிக்கிற முகம் செய்' என்று மாற்றிவிடாதீர்கள். கோபமுகத்தையும் செய்யட்டும். நீங்களாகப் பொருள் கொள்ளவும் வேண்டா. கண்ணீர் வடியும் முகத்தைக் கண்டு ஒரு தாய் கலங்கினார். மகனோ, 'அம்மா, இது விழுந்து விழுந்து சிரிக்கிறது' என்றான். வலியின் அளவை அறிய, 0 முதல் 10 வரை ஆறு முகங்கள் கொண்ட அட்டையையே நாங்கள் பயன்படுத்துகிறோம். மணிமுகம் அதற்கு மாற்றாகாது. ஆனால் பிள்ளை சொன்னதைச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

எங்களுக்குக் கவலை தருவது மணியின் சிறுமையே. 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும், எதையும் வாயிலிடும் பழக்கமுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இதைத் தருவதில்லை. தம்பி தங்கையர் உடனிருந்தால் கீழே சிந்தியவற்றையும் பொறுக்கிவிடுங்கள். விளையாடும்போது திடீரென இருமல், மூச்சுத்திணறல், இளைப்பு தோன்றினால் மணி மூச்சுக்குழாயில் சென்றிருக்கலாம். இருமல் அடங்கிவிட்டது என்று காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். மூக்கிலோ காதிலோ நுழைந்த மணியை ஊக்கால் எடுக்க முயலாதீர்கள். அது மேலும் உள்ளே போகும்.

இஸ்திரி போடுவது பெரியவர்களின் வேலை. ஆக்சிஜன் செல்லும் படுக்கைகளுக்கு அருகில் அதற்கு இடமில்லை. ஆகவே வேறு அறையில் நாங்களே செய்து தருகிறோம். புற்றுநோய் மருந்துகளுள் சில விரல்களை மரத்துப்போகச் செய்யும். அத்தகைய பிள்ளைக்குச் சூடு உறைக்காது. முகம் முற்றும் ஆறிய பிறகே கையில் கொடுங்கள்.

வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி மணிப்பொட்டலம் உண்டு. பிறரோடு பகிர வேண்டா. ஊசிக்குழாய் பொருத்திய கைக்கு ஓய்வு கொடுத்து, மறு கையால் செய்யட்டும். வேகம் குறையும், பாதியில் களைப்பும் வரும். முடியாத பலகையில் பெயரெழுதிச் செவிலியரிடம் கொடுத்தால், மறுநாள் வரை அலமாரியில் வைத்திருப்பார்கள்.