எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி?

கேம்பிரிட்ஜ் நகரின் பேன்டன் ஆர்ம்ஸ் மதுக்கூடத்தில், 1997இல், இரண்டு வேதியியலாளர்கள் டிஎன்ஏவை வாசிப்பதற்கான ஒரு யோசனையை அலசினார்கள். ஒருவர் டேவிட் கிளெனர்மேன். மற்றவர் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போன சங்கர் பாலசுப்ரமணியன். அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா நிறுவனம் 2007இல் இல்லுமினா நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று உலகில் அதிகம் ஓடும் டிஎன்ஏ வாசிப்புக் கருவிகள் இந்த வழி வந்தவைதான்.

கண்ணாடிப் பரப்பில் கோடிக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்து, டிஎன்ஏவின் வேதி எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேரும்போது எழும் ஒளியைப் படம்பிடிக்கிறார்கள். ஒரு துண்டுக்குச் சுமார் 150 எழுத்து. பிழை மிகக் குறைவு, செலவும் குறைவு. முதல் மனித ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ தொகுதியை, வாசிக்க 13 ஆண்டும் ஏறக்குறைய 300 கோடி டாலரும் ஆயின. இன்று ஆயிரம் டாலருக்குள் முடிகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வாய்ப்பு உண்டா என்று தாயின் ரத்தத்திலேயே பார்க்க இது போதும். அங்கே வேலை 21ஆம் குரோமோசோமின் துண்டுகள் வழக்கத்தைவிடக் கூடியிருக்கின்றனவா என்று எண்ணுவதுதானே!

சிக்கல் வேறிடத்தில்: துண்டுகள் மிகச் சிறியவை. பாட்டுப் புத்தகத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துவிட்டால், பல்லவி எத்தனை முறை வந்தது என்று எப்படிச் சொல்வது? டிஎன்ஏவிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஏராளம். 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட மனித ஜீனோமில் சுமார் 8 சதவீதம் விடுபட்டதற்கு முக்கியக் காரணம் இதுவே. அந்த இடைவெளிகள் அடைபட்டது 2022இல். பேக்பயோ, ஆக்ஸ்ஃபோர்ட் நானோபோர் என்ற இரண்டு நீள்வாசிப்பு முறைகளே அதைச் சாதித்தன. பேக்பயோ 15,000 எழுத்துக்கு மேல் ஒரே மூச்சில், துல்லியமாகவும் வாசிக்கும்.

நானோபோரின் கதையே தனி. நுண்துளை வழியே டிஎன்ஏ இழை நுழையும்போது மின்னோட்டம் மாறுவதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. லட்சக்கணக்கான எழுத்துகளை ஒரே இழையாக வாசிக்கும். ஆனால் பிழை கூடுதல் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. அந்தக் குறையோடே 2015இல், எபோலா பரவிய கினியாவுக்குப் போனது. உள்ளங்கையில் அடங்கும் மினயன் கருவிகளைச் சாதாரணப் பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோன குழு, எபோலா மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் விடை சொன்னது. தொற்று பரவும் ஊரில் நூறு சதவீதத் துல்லியத்தைவிட அந்த வேகமே பெரிது.

ஆகவே, எது சிறந்த கருவி என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு மரபணுவிலுள்ள மாற்றத்தை உறுதிசெய்ய, பல ஆய்வகங்கள் ஃபிரெடரிக் சாங்கர் 1977இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் கையாள்கின்றன.